முதலில் ஆளைப் பாருங்க, அப்புறம் ஆப் செய்யலாம்

பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்க வருகிறவர்களைப் புரிந்துகொள்ளும் பயனர் ஆய்வு: ஓர் எளிய பாடம்

மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நின்றால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாறையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். யானையைப் பார்க்காமல் யாரும் போக முடியாது, அவ்வளவு பெரிது அது. ஆனால் அந்த யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள்! ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பல்லவச் சிற்பி செதுக்கி வைத்த கிண்டல் இது. இதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

"இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில்கள் உடனே வரும். ஒரு ஆப் போடலாம், கியூஆர் கோடு வைக்கலாம், டச் ஸ்கிரீன் வைக்கலாம், விஆர் ஹெட்செட் மாட்டிவிடலாம். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் இவை இரண்டாவது கேள்விக்கான பதில்கள். முதல் கேள்வி வேறு: இங்கே வருகிறவர் யார்? எதற்காக வருகிறார்? அவருக்கும் அந்தச் சிற்பத்துக்கும் நடுவில் எது தடையாக நிற்கிறது?

இதற்கு ஊகத்தில் பதில் சொல்லாமல், நேரில் பார்த்தும் கேட்டும் சோதித்தும் விடை தேடுவதற்குப் பெயர்தான் பயனர் ஆய்வு. பெரிய நிறுவனங்கள்தான் செய்ய முடியும் என்றில்லை. ஒரு பேனா, சில தாள்கள், ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் பொறுமை இருந்தால் கல்லூரி மாணவர்களும், ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும், சுற்றுலா வழிகாட்டிகளும் செய்யலாம்.

எதற்கு இந்த மெனக்கெடல்?

திரை அணைந்து தூசி படிந்து நிற்கிற ஒரு டச் ஸ்கிரீனை எங்கேயாவது நீங்களும் பார்த்திருப்பீங்க. பொதுப்பணத்தில் வாங்கியது அது. பழுதானதால் மட்டும் இவை கைவிடப்படுவதில்லை. யாருக்கு, எந்த இடத்தில், எதற்காக என்று முன்கூட்டியே பார்க்காமல் வைத்ததாலும் கைவிடப்படுகின்றன.

அர்ஜுனன் தபசையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாறை கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் சிற்பத்தின் மேல் நேராக விழும், அதன் முன் நிற்பவர்கள் மேலும் விழும். அந்த வெளிச்சத்தில் போன் திரையே சரியாகத் தெரியாது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்று மின்னணுச் சாதனங்களைச் சீக்கிரம் அரிக்கும். இதெல்லாம் அலுவலக அறையில் உட்கார்ந்து யோசிக்கும்போது நினைவுக்கு வராது. அங்கே போய் அரை நாள் நின்றால் தானாகத் தெரியும்.

முறை 1: பின்தொடர்ந்து கவனித்தல்

இது நூறு வருஷத்துக்கும் மேலான முறை. 1916-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் தான் செய்த ஒரு சோதனையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஒருவரிடம் சில கேள்விகளைக் கொடுத்து, காட்சிப் பொருட்களைப் பார்த்துப் பதில் தேடச் சொன்னார். அவர் எப்படியெல்லாம் குனிகிறார், எட்டிப் பார்க்கிறார், கழுத்தை வளைக்கிறார் என்பதைப் புகைப்படம் எடுத்தார். அருங்காட்சியகத்தில் நமக்கு வருகிற அலுப்புக்கு அந்தப் பொருட்களை வைத்திருக்கும் விதமும் ஒரு காரணம் என்பதை அந்தப் படங்கள் காட்டின. 1928-இல் உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் பார்வையாளர்களைக் கவனித்து, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஆய்வை வெளியிட்டார். இன்றைக்கும் அடிப்படை இதுதான்.

எப்படிச் செய்வது?

• இடத்தின் எளிய வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்துகொள்ளுங்க. ஒரு பார்வையாளருக்கு ஒரு தாள்.
• யாரைக் கவனிப்பது என்று நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீங்க. நம்மை அறியாமல் நமக்குப் பிடித்த முகங்களையே தேர்ந்தெடுப்போம். "கயிற்றைத் தாண்டி வருகிற ஒவ்வொரு ஐந்தாவது நபர்" என்று முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்க.
• அவர் போகிற வழியைக் கோடாக வரையுங்க. நின்ற இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் எத்தனை நொடி நின்றார் என்ற எண்.
• என்ன செய்தார் என்பதற்குக் குறியீடு: படித்தால் 'ப', போட்டோ எடுத்தால் 'போ', கூட வந்தவரிடம் சுட்டிக்காட்டிப் பேசினால் 'பே'.
• வார நாள், விடுமுறை நாள், காலை, மாலை என்று பிரித்துச் செய்யுங்க. பள்ளிச் சுற்றுலா வருகிற நாள் தனிக் கதை.

இருபது, முப்பது தாள்களை அடுக்கிப் பார்த்தால் எங்கே கூட்டம் தேங்குகிறது, எந்தப் பலகையை யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

முறை 2: விட்டுச்சென்ற தடயங்கள்

மனிதர்களைப் பார்க்காமலே அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. 1966-இல் வெளியான ஒரு சமூகவியல் ஆய்வு நூலில் வருகிற சிகாகோ உதாரணம் இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அங்குள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு பொரிந்து வருவதைக் காட்டும் இடத்தைச் சுற்றியிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் அதே ஓடுகள் வருஷக்கணக்கில் தாங்கின. யாரையும் ஒரு கேள்வி கேட்காமலே, எது மக்களைக் கட்டிப்போடுகிறது என்று தரை சொல்லிவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் மேல் பதிந்த மூக்குத் தடங்களின் உயரத்தை வைத்து, பார்த்தவர்களின் வயதைக் கணிக்கலாம் என்ற யோசனையும் அதே நூலில் உண்டு.

நம்ம ஊரில் எதைப் பார்க்கலாம்? புல்வெளியில் எங்கே ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது, தகவல் பலகையில் எந்த வரி மட்டும் விரல் பட்டு அழுக்காகியிருக்கிறது, எந்த நிழலில் தண்ணீர்ப் பாட்டில்கள் கிடக்கின்றன, வழிகாட்டிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்வி எது. எல்லாமே தகவல்தான்.

முறை 3: பேச்சுக் கொடுத்தல்

கவனித்தால் 'என்ன செய்தார்' என்று தெரியும். 'ஏன்' என்பது பேசினால்தான் தெரியும். ஆனால் கேள்வியில் கோளாறு இருந்தால் பதிலிலும் கோளாறு வரும். நம்ம மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். "இங்கே ஒரு ஆப் இருந்தா நல்லா இருக்குமா சார்?" என்று கேட்டால், கேட்கிற பிள்ளையின் மனசு நோகக் கூடாதே என்று "ரொம்ப நல்லா இருக்கும்பா" என்பார்கள். அதை நம்பி ஆப் செய்தால் யாரும் இறக்கிக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் கேள்வியை இப்படி மாற்றுங்க:

"ஆப் இருந்தா பயன்படுத்துவீங்களா?" என்பதற்குப் பதிலாக: "போன தடவை வேற ஊருக்குச் சுத்திப் பார்க்கப் போனப்ப, போனை எதுக்கெல்லாம் எடுத்தீங்க?"

"சிற்பம் பிடிச்சிருந்துச்சா?" என்பதற்குப் பதிலாக: "வீட்டுக்குப் போனதும் இங்கே பார்த்ததுல எதை முதல்ல சொல்லுவீங்க?"

"புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாக: "இங்கே வராத என் தங்கச்சிக்கு இதைப் பத்திச் சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?"

முதல் கேள்வி எதிர்காலக் கற்பனையைக் கேட்காமல், நடந்ததைக் கேட்கிறது. மற்ற இரண்டும் 'ஆமாம், இல்லை' என்று முடிந்துவிடாமல் கதையைக் கேட்கின்றன. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்க. நாம் அமைதியாக இருக்கிற அந்தச் சில நொடிகளில்தான் உண்மையான பதில் வரும். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத நல்ல கேள்வி.

ஒரே இடம், ஐந்து காரணங்கள்

ஜான் ஃபால்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களை வயது, படிப்பு, வருமானத்தை வைத்துப் பிரித்தால் போதாது, அன்றைக்கு எதற்காக வந்தார்கள் என்று பாருங்கள் என்றார். 2009-இல் வெளியான நூலில் அவர் சொன்ன ஐந்து வகைகளை நம்ம மொழியில் இப்படிச் சொல்லலாம்:

• தெரிந்துகொள்ள வந்தவர்: "இது எப்படிச் செதுக்கியிருப்பாங்க?" என்று யோசிப்பவர்.
• துணைக்கு வந்தவர்: பிள்ளைகளையோ விருந்தாளிகளையோ கூட்டி வந்தவர். அவர்கள் சந்தோஷப்பட்டால் இவருக்குப் போதும்.
• 'போய்ட்டு வந்தாச்சு' என்பவர்: முக்கியமான இடத்தைப் பார்த்துவிட்ட நிறைவைத் தேடுபவர்.
• துறை சார்ந்தவர்: சிற்பி, வரலாற்று மாணவர், புகைப்படக்காரர்.
• அமைதி தேடி வந்தவர்: பத்து நிமிஷம் சும்மா உட்கார வந்தவர்.

ஒரே ஆள் இந்த வாரம் ஒரு வகை, பிள்ளைகளோடு வரும்போது வேறு வகை. துணைக்கு வந்த அப்பாவுக்கு நீளமான ஆடியோ விளக்கம் வேண்டாம். "அப்பா, இது என்ன?" என்று குழந்தை கேட்கும்போது சொல்ல ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான். அமைதி தேடி வந்தவருக்கோ ஸ்பீக்கரில் அலறுகிற விளக்கமே இடைஞ்சல்.

முறை 4: அட்டையில் செய்து சோதித்தல்

யோசனை கிடைத்ததும் மென்பொருள் செய்ய ஓடாதீங்க. முதலில் அட்டையில் செய்யுங்க. அர்ஜுனன் தபசுக்கு ஒரு 'தேடல் அட்டை' என்று வைத்துக்கொள்வோம்: "யானைக்குக் கீழே தவம் செய்யும் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் முனிவர் இல்லை. யார்?" இதை ஏ4 தாளில் எழுதி ஒரு குடும்பத்திடம் கொடுங்க. தூரத்தில் நின்று பாருங்க. கண்டுபிடித்தார்களா? எவ்வளவு நேரம் ஆனது? பிள்ளைகள் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டினார்களா? எந்த வார்த்தையில் தடுமாறினார்கள்?

ஆடியோ கைடை இதே போல ஆப் இல்லாமல் சோதிக்க ஒரு பழைய உத்தி உண்டு. 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' என்று சொல்வார்கள். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மந்திரவாதியாக நடித்த ஆள் வருகிற கதையின் பெயர் அது. இதைச் செய்ய இரண்டு போன் போதும். பார்வையாளர் ஒரு போனைக் காதில் வைத்திருப்பார். கொஞ்சம் தள்ளி நிற்கிற மாணவர் இன்னொரு போனில், அவர் எங்கே பார்க்கிறாரோ அதற்கேற்ற விளக்கத்தைத் தாளைப் பார்த்துப் படிப்பார். சோதனைக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு, முடிந்ததும் 'பின்னால் பேசியது ஆள்தான்' என்று சொல்லிவிட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இயர்போன் மாட்டியதும் அந்தக் குடும்பம் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிடுகிறதா? நிறுத்திவிட்டால், தகவல் கூடினாலும் அனுபவம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எத்தனை பேரிடம் சோதிப்பது? இணையதள வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம்: ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும். ஒரே தடவை நிறைய பேரிடம் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போவது நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள் என்றால், ஒவ்வொரு தரப்பிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

உள்ளடக்கத்தையும் சோதிக்கணும். இந்தச் சிற்பம் அர்ஜுனன் தவமா, கங்கையைக் கொண்டுவர பகீரதன் செய்த தவமா என்று அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. பாறையின் நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் இருப்பதைப் பகீரதன் தரப்பு சான்றாகக் காட்டுகிறது. நம் விளக்கத்தைக் கேட்டு முடித்தவரிடம் "இது என்ன சிற்பம்?" என்று கேட்டுப் பாருங்க. ஒரே பதிலை உறுதியாகச் சொன்னால், நாம் எழுதியதில் குறை இருக்கிறது.

விட்டுப்போனவர்கள் யார்?

மேலே சொன்ன முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. அவை வந்தவர்களை மட்டுமே பார்க்கின்றன. வராதவர், வந்தும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறவர், பேச்சுக் கொடுத்தால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று ஒதுங்குகிறவர் எல்லாம் கணக்கில் வருவதில்லை. கடைசியில், நன்றாகப் பேசத் தெரிந்த, நல்ல போன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமே எல்லாம் அமைந்துவிடும்.

அதனால் இவர்களைத் தேடிப் போக வேண்டும்:

• எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள். இவர்களுக்குக் கியூஆர் கோடு வெறும் கட்டம்.
• போன் இருந்தும் டேட்டா இல்லாதவர்கள், வீட்டுக்கு ஒரே போன் என்று இருப்பவர்கள்.
• சக்கர நாற்காலியில் வருகிறவர்கள். மணலும் படியும் எங்கே நிறுத்துகின்றன என்று அவர்களோடு கூடவே போய்ப் பாருங்க.
• பார்வை மாற்றுத்திறனாளிகள், செவித்திறன் குறைந்தவர்கள்.
• பக்கத்திலேயே இருந்தும் உள்ளே வராத உள்ளூர் மக்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், பேருந்து நிலையம், கடைத்தெரு என்று அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போகலாம்.

பொது இடங்களும் பொதுச் சேவைகளும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. மாமல்லபுரத்தில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அங்கேதான் உள்ளது. தெருவுக்குத் தெரு உளிச்சத்தம் கேட்கிற ஊர் அது. பார்வையற்றவர்கள் கையால் தடவிப் பார்க்க ஒரு சிறிய கல் மாதிரி செய்வது அந்த ஊருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் எந்த அளவில், எவ்வளவு நுணுக்கமாக, எந்த உயரத்தில் வைப்பது என்பதைச் செதுக்கும் முன்பே அவர்களிடம் கேட்க வேண்டும். முதலில் களிமண்ணில் ஒன்று செய்து அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்க.

அனுமதியும் அந்தரங்கமும்

மாமல்லபுரச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. இதுபோன்ற இடங்களில் ஆய்வு செய்வதற்கு முன் பொறுப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்க. சோதனைக்காகக்கூட எதையும் ஒட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது.

மக்களிடம் பேசும்போது நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. பெயர், போன் எண், முகம் தெரியும் படம் எதுவும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. தேவையில்லாததை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேளுங்க. கவனிப்பு ஆய்வு நடக்கிறது என்று நுழைவிடத்தில் ஓர் அறிவிப்பைக் கையில் பிடித்து நின்றாலே போதும்.

கண்டதை முடிவாக மாற்றுவது

திரட்டிய தகவலை மூன்று பத்திகளில் எழுதுங்க: பார்த்தது, காரணம் என்று நினைப்பது, செய்து பார்க்கப்போவது. உதாரணத்துக்கு:

பார்த்தது: பெரும்பாலானோர் தகவல் பலகையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.
காரணம்: பலகை வெயிலில் இருக்கிறது, மக்கள் நிற்பது நிழலில்.
செய்து பார்க்கப்போவது: அதே தகவலை நான்கு வரியாகக் குறைத்து, நிழலில் நிற்பவர் கையில் அட்டையாகக் கொடுப்பது.

இங்கே ஒரு விஷயம் தெரிகிறது. ஆய்வு சொல்கிற தீர்வு சில நேரம் ஆப்பாக இருக்காது. ஒரு பெஞ்ச், ஒரு நிழற்குடை, பெரிய எழுத்து, வழிகாட்டிக்கு ஒரு பயிற்சி வகுப்பு என்று இருக்கும். அதை அப்படியே அறிக்கையில் எழுதத் தயங்கக் கூடாது. தொழில்நுட்பம்தான் தேவை என்று தெரிந்தால், அப்போது செலவழிக்கிற பணமும் வீண் போகாது.

உங்கள் பங்கு

எல்லா ஊரிலும் ஒரு பழைய கோட்டையோ, கல்வெட்டோ, சமணர் படுக்கையோ, தெப்பக்குளமோ இருக்கிறது. மாணவர்கள் ஒரு நாளில் செய்து பார்க்க ஒரு சின்னத் திட்டம்: காலையில் இரண்டு மணி நேரம் பத்துப் பேரைக் கவனியுங்க. அப்புறம் ஐந்து பேரிடம் பேசுங்க, அதில் ஒருவராவது 60 வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். மதியம் ஒரு அட்டை செய்யுங்க. மாலையில் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்க. கிடைத்ததை இரண்டு பக்கமாக எழுதி, அந்த இடத்தைப் பராமரிக்கிற அலுவலகத்தில் கொடுங்க.

நீங்கள் பார்வையாளராகப் போகிறவர் என்றால், அடுத்த முறை கையில் தாளோடு ஒரு பிள்ளை வந்து "அண்ணா, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டால் நில்லுங்க. நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பிவிடாதீங்க. எங்கே வழி தெரியவில்லை, எந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை, அம்மாவை எந்தப் படிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு வந்தீர்கள் என்று சொல்லுங்க. "எனக்குப் புரியலைப்பா" என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தத் தாளில் எழுத வேண்டிய மிக முக்கியமான வரி அதுதான்.